நீல டிக்குக்காக ஒரு ஃப்ளெக்ஸ்

புதுவாயல் கூட்ரோட்டில் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் தையல் கடை. அங்கே ஜாக்கெட் தைக்க மாட்டேன், சுடிதார் தைக்க மாட்டேன். பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டும் என்று யாராவது படியேறி வந்தால் பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவேன். என் கடையில் தைப்பது கம்பெனி யூனிஃபார்ம் மட்டும். அதிலும் பெண்கள் போடுவது மட்டும். இப்படி ஒரு கடை கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே வேறு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமை அடிக்கத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

இப்படி ஒரு கடைக்கு என்ன தேவை என்று ஆண்கள் கேட்பார்கள். பெண்கள் கேட்க மாட்டார்கள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சட்டையும் பேண்ட்டும் கொடுத்துவிடுவார்கள். சின்னது பெரியது என்று அளவு பல இருக்கும், ஆனால் எல்லாமே ஆம்பளை உடம்பை நினைத்து வெட்டியவை. தோள் சரியாக இருக்கிற சட்டையை எடுத்தால் நெஞ்சில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே வாயைப் பிளக்கும். நெஞ்சுக்குச் சரியாக இருப்பதை எடுத்தால் தோள் முழங்கை வரை இறங்கும். பேண்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஊக்கு குத்திக்கொள்ளலாம் என்றால் நிறைய கம்பெனிகளில் ஊக்கை உள்ளே விட மாட்டார்கள். கழன்று மெஷினுக்குள் விழுந்துவிடும் என்று கேட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

நானும் அப்படி ஒரு லைனில் பல வருஷம் நின்றவள்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள், நெஞ்சுக்கு நேரே குத்தியிருந்த ஊக்கைச் செக்கிங் பண்ணுகிற பெண் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். அந்த ஷிஃப்ட் முழுக்க இடது கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வேலை பார்த்தேன். என்னால் லைன் தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். காரணத்தை அவரிடம் எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்து அழவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம் சீக்கிரம் வரும். கல்யாணத்துக்கு முன்பு தையல் கற்றிருந்தேன். அந்தச் சட்டையை முழுக்கப் பிரித்துப் போட்டு, தோளை வெட்டி, பக்கத்தில் டார்ட் பிடித்து, பட்டன் பட்டைக்கு உள்பக்கம் வெளியே தெரியாதபடி ஒரு பட்டனைக் கூடுதலாக வைத்துத் தைத்தேன். மறுநாள் இரண்டு கையாலும் வேலை பார்த்தேன். லைனில் இருந்த அத்தனை பேரும் என் சட்டையைத்தான் பார்த்தார்கள். அந்த வாரமே ஒவ்வொருத்தியும் தன் சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். கடை ஆரம்பித்த கதை இவ்வளவுதான்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கம்பெனி வேலையை விட்டேன், கூட்ரோட்டில் மாடியை வாடகைக்குப் பிடித்தேன், படம் போடும் ஆப்பில் கடைக்கு ஒரு பேஜ் திறந்தேன். கம்பெனி கொடுத்த சட்டையோடு ஒரு படம், நான் திருத்திக் கொடுத்த பிறகு ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்கு மேல் விளம்பரமே தேவையில்லை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தடாவிலிருந்துகூடப் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள்.

படம் எடுக்க ஒரு சட்டம் வைத்திருந்தேன். அதைத் தொடங்கி வைத்தவள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண். நல்ல உயரம். எந்தப் பேண்ட்டைக் கொடுத்தாலும் அவள் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். நான் கீழே பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு படம் எடுக்கட்டுமா என்று போனைத் தூக்கியதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“மூஞ்சி மட்டும் வேணாம்க்கா. நைனா பாத்தாருன்னா வேலயும் வேணா ஒண்ணும் வேணான்னு ஊட்டுக்கு இஸ்துக்கினு பூடுவாரு.”

“உன் மூஞ்சி எனக்கு எதுக்குடி? கழுத்துக்கு மேல எனக்கு இன்னா வேல? நான் தையல்காரி” என்றேன்.

அன்றிலிருந்து அதுவே சட்டம். கழுத்துக்குக் கீழேதான் படம். சட்டைப் பையில் கம்பெனி பெயர் இருந்தால் அதன்மேல் ஒரு ஒட்டுத்துணியைக் குத்தி மறைத்துவிட்டுத்தான் எடுப்பேன், அந்தப் பெண்ணுக்கு வேலையில் ஒரு தொந்தரவும் வரக்கூடாது. பேஜின் முகப்பில்கூட என் முகம் கிடையாது. ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்துக் கனகாம்பரம் சுற்றிய என் தையல் மெஷின்தான் அங்கே இருந்தது. என் வீட்டுக்காரர் அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் கான்டிராக்டில் கிரேன் ஓட்டுகிறார். “நம்ம கல்யாண போட்டோவுக்குக்கூட இத்தினி லைக்கு வரலியே, மெஷினுக்கு வருதே” என்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

அந்தச் சட்டத்தில் எனக்குக் கர்வம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. என்னை நம்பி என் கேமரா முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கும் என்னால் ஒரு பேச்சு வந்ததில்லை. தலையில்லாத படங்கள்தான், ஆனாலும் “தோ, இது நான்தான்” என்று தோழிகளுக்கு அவர்களே காட்டிக்கொள்வார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேஜுக்கு அந்தச் செய்தி வந்தது. தொழிற்பேட்டையில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி, ஒரு பெண், எழுதியிருந்தார். லைனில் பெரும்பாலும் பெண்களைத்தான் எடுக்கப்போகிறார்களாம். யூனிஃபார்மை மொத்தமாக வாங்காமல் ஆரம்பத்திலிருந்தே பெண்கள் அளவுக்குத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்கு மாடியில் நிற்க முடியவில்லை. கீழே இறங்கிப்போய் பிரியாணிக் கடைக்காரரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் தம் போட்ட சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து, இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அதுவரைக்கும் நான் செய்தது திருத்துகிற வேலை. முதலில் ஒரு பெண் கூசிப்போவாள், அப்புறம் யாராவது என் கடையைக் காட்டுவார்கள், அப்புறம் நான் சரிசெய்வேன். இந்த ஆர்டர் கிடைத்தால் முதல் நாளே அவளுக்கு அவள் அளவில் சட்டை. கூச வேண்டிய அந்த நாளே அவளுக்கு வராது. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக வேறு எதையும் நான் வேண்டியதில்லை.

சில நாள் கழித்து அந்த அதிகாரி போனில் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

“மேடம், ஒண்ணு கேக்கணும். இதே போட்டோஸ் இன்னொரு பேஜ்லயும் இருக்கு. நான் உங்க பேஜ்னு நெனச்சு அதுலயும் மெசேஜ் பண்ணிட்டேன். அவங்க, ஒரிஜினல் நாங்கதான், புதுவாயல்ல இருக்கறவங்க எங்களைக் காப்பி அடிக்கிறாங்கன்னு சொல்றாங்க.”

போனை வைத்துவிட்டு அந்தப் பேஜைத் தேடிப் பார்த்தேன். ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு ஊரிலிருந்து யாரோ நடத்துகிறார்கள். என் கடைப் பெயரையே கொஞ்சம் மாற்றி வைத்திருந்தார்கள். உள்ளே முழுக்க என் படங்கள். என் ஜன்னல், என் கண்ணாடி, என் பள்ளிப்பட்டுப் பெண்ணின் நீளமான கால்கள். பையை மறைத்த ஒட்டுத்துணிகூட அப்படியே இருந்தது. நான் போட்டுக் கிழிந்த பச்சை ஜாக்கெட்டில் வெட்டிய துணி அது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அதுதான். உடனே அந்த அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“அந்தப் பச்சத் துணி என் ஜாக்கெட்டுங்க!” என்று கத்தினேன்.

அவர் பொறுமைசாலி. “எனக்குப் புரியுது மேடம். நான் நேர்ல வந்தா நம்பிடுவேன். ஆனா முடிவு எடுக்கறவங்க ஹெட் ஆபீஸ்ல இருக்காங்க. அவங்க ரெண்டு பேஜையும் போன்ல வெச்சுப் பாத்துட்டு, எது ஒரிஜினல்னு தெரியல, ரெண்டுமே வேணாம்னு சொல்லப்போறாங்க. அங்க போய் நான் ஜாக்கெட் துணின்னு சொல்ல முடியுமா? நீங்க எப்படியாவது பேஜை வெரிஃபை பண்ணிடுங்க. ப்ளூ டிக் வந்துட்டா மீதிய நான் பேசிக்கிறேன். ஆனா இந்த மாசம் முடியறதுக்குள்ள வரணும்.”

நீல டிக்கை நான் சினிமாக்காரர்கள் பெயருக்குப் பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். கடைக்கும் உண்டு என்பது அன்றுதான் தெரியும். சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் என் பெயரிலேயே இருந்தது, அதை ஏற்றினேன். அப்புறம் முகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது ஆப். பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, மேலே பார் என்று திரையில் வருவதை என் வீட்டுக்காரர் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிற மாதிரி கையாலேயே காட்டினார். “மெதுவா, மெதுவா, அப்டியே நிறுத்து” என்று அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்து, மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

பதில் வந்தபோது நான் கடையில் பள்ளிப்பட்டுப் பெண்ணுக்குப் புதுப் பேண்ட் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று வந்திருந்தது. பேஜில் இருக்கும் எந்தப் படத்திலும் இந்த நபர் இல்லை, இந்தப் பெயரில் இந்த இடத்தில் கடை நடப்பதற்கும் சான்று போதவில்லை. மறுபடி முயல்வதானால், கடைக்கு வெளியே பெயர்ப் பலகை தெரிவதில் தொடங்கி உள்ளே நான் வேலை செய்வது வரைக்கும் இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும்.

என் கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. பிரியாணிக் கடை மாடி என்றால் கூட்ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். பலகை எதற்கு என்று இருந்துவிட்டேன். கத்தரிக்கோலை மேசைமேல் வீசியதில் அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது.

“இன்னாக்கா பேஜாரு?” என்றாள் அந்தப் பெண், ஸ்டூலில் நின்றபடியே.

“போர்டு இல்லியாம். மூஞ்சி இல்லியாம். இத்தினி வருஷமா தச்சிக்கினு இருக்கறேன், ஒருத்தர் மூஞ்சியும் வெளிய வராம பாத்துக்கினேன். இப்ப இன்னாடான்னா நானே இல்லன்றாங்க. எவனோ ஒருத்தன் உன் கால வெச்சிக் கட நடத்துறான்!” என்று அத்தனையையும் கொட்டினேன். ஆர்டர் விஷயத்தையும் சொன்னேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பலகை செய்ய நாளாகும் என்பதால் அன்று சாயங்காலமே மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைப் பெயர், கீழே தொழில், அவ்வளவு போதும் என்றேன். ஃப்ளெக்ஸ்காரர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கையை நீட்டினார்.

“போட்டோ குடும்மா.”

“போட்டோ வேணாண்ணே. பேரு மட்டும் போடு.”

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “மூஞ்சி இல்லாத ஃப்ளெக்ஸா? காதுகுத்துக்கு வந்தாலும் சரி, கண்ணீர் அஞ்சலிக்கு வந்தாலும் சரி, நடுவுல ஒரு பெரிய மூஞ்சி, கீழ ஒரு வரிச சின்ன மூஞ்சி. அது வெச்சாத்தாம்மா ஃப்ளெக்ஸு. வெறும் பேர அடிச்சிக் குடுத்தா என் கட பேரு கெட்டுப்பூடும்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்றால் நடுவில் குழந்தை இருக்கும். கீழே ‘இவண்’ என்று போட்டு மாமன், சித்தப்பன், அப்பனோடு கேரம் ஆடுகிறவன் என்று அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடியோடு வரிசை கட்டி நிற்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் என் கடைக்கு என் சட்டம். பெயர் மட்டும் போதும் என்று அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். நாளை மறுநாள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அந்த நாள் வந்தபோது நான் போய் வாங்க வேண்டியிருக்கவில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் கூட்ரோட்டில் வந்து நிற்கிற நேரம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் ஒரு கூட்டமாக ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நடந்த நாலைந்து பேர் தோளில் நீளமாக எதையோ சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிப்பட்டுப் பெண்தான் தலைமை. அத்தனை பேரும் படியேறி வந்தால் கடை கொள்ளுமா? பாதிப் பேர் படியிலேயே நின்றார்கள். சுருளை என் கட்டிங் மேசைமேல் விரித்தார்கள்.

மேலே கடைப் பெயர். நடுவில் நான். எப்போது எடுத்தார்களோ தெரியாது, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், புருவம் சுருங்கியிருக்கிறது, யாரையோ திட்டப்போகிற முகம். எனக்குக் கீழே வரிசை வரிசையாகப் பெண்கள். எல்லோரும் யூனிஃபார்மில். நீலம், சாம்பல், வெளிர் பச்சை என்று எந்தெந்தக் கம்பெனியோ. சட்டைப் பையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஃப்ளெக்ஸ்காரர் ஒரு ரோஜாப் பூவை ஒட்டியிருந்தார். முகம் காட்ட மனமில்லாத சிலர் வேலையில் போடுகிற மாஸ்க்கும் தொப்பியுமாக, கண் மட்டும் தெரிய நின்றார்கள். கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘எங்கள் அளவறிந்த அக்காவே!’ அடியில், ‘இவண்: ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்.’

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைக்க மாட்டேன்.

“யாரக் கேட்டுப் போட்டீங்க? ரோட்டு மேல கட்டற ஃப்ளெக்ஸு இது. ஊட்ல இன்னா சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா? ஏன்டீ, உன் நைனா இத்தப் பாத்தா?”

“நைனாவக் கேட்டுட்டுத்தான்க்கா போட்டேன்” என்றாள் பள்ளிப்பட்டுப் பெண்.

“இன்னான்னு கேட்ட?”

“எனுக்கு ஒயுங்கா துணி தச்சிக் குடுத்த அக்காவ இல்லவே இல்லன்றாங்க, நான் போயி இருக்குதுன்னு சொல்லணும் நைனா, அதுக்கு என் மூஞ்சி வேணும்னேன். அப்பால போட்டோவ அனுப்புன்னாரு. பாத்துட்டு, டூட்டி டிரெஸ்ல நிக்கிற, இதுல மறைக்கறதுக்கு இன்னா கீதுன்னாரு.”

“அவ்ளோதானா?”

“ஃப்ளெக்ஸு டிசைனப் பாத்துட்டு இன்னொண்ணும் கேட்டாருக்கா. மூணாவது வரிசைல ஏன் நிக்கிற, மொத வரிசைல எடம் இல்லியான்னு.”

கடையே சிரித்தது, படியில் நின்றவர்கள் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன் என்பது மட்டும் உறைத்தது. நான் இருக்கிறேன் என்பதற்குச் சான்று என்ன என்று நாள் கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சான்று தினமும் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிப் படியேறி வந்துகொண்டிருந்தது. இவர்களிடம் உதவி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காமலேயே, வீடு வீடாகச் சண்டை போட்டு, சம்மதம் வாங்கி, காசைப் பங்கு போட்டு, நான் கொடுத்த ஆர்டரையே மாற்றி ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் மாமியார் வீட்டிலும் என் பிறந்த வீட்டிலும் எனக்காக யாரும் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

அன்றைக்கே ஃப்ளெக்ஸை மாடிக் கம்பியில் இழுத்துக் கட்டினோம். என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்ததும் அவர் கையில் போனைக் கொடுத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஃப்ளெக்ஸைக் காட்டத் தொடங்கி, பிரியாணிக் கடையைத் தாண்டி, படியேறி, உள்ளே வர வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது. முதல் தடவை பாதிப் படியில், பிரியாணிக் கடைக்காரர் தானும் படத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் பின்னாலேயே ஏறி வந்து “கேமராமேனுக்கு ஒரு பிளேட் சொல்லட்டா?” என்று கேட்டுக் கெடுத்தார். அவரைக் கல்லாவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி தொடங்கினோம்.

படிக்கு ஒருத்தியாக நின்றார்கள். கேமரா பக்கத்தில் வர வர, ஒவ்வொருத்தியும் சட்டையின் பட்டன் பட்டையை விரலால் லேசாகத் திருப்பி உள்ளே இருக்கும் அந்த மறைவுப் பட்டனைக் காட்டினாள். “இது இங்க தச்சது”, “இதுவும் இங்க தச்சது”, “எனுக்கும் அக்காதான் தச்சிக் குடுத்துது.” திருட்டுப் பேஜ்காரன் படத்தைத்தான் எடுக்க முடியும், பட்டனை எடுக்க முடியுமா? இதை யோசித்தது யார் என்று இன்றுவரை ஒருத்தியும் சொல்லவில்லை. கடைசியில் கேமரா மெஷின் முன்னால் இருந்த என்னிடம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்து, கடைப் பெயரையும் என் பெயரையும் சொன்னேன். அத்தனை பெண்கள் காட்டிய முகத்துக்கு முன்னால் என் முகத்தைக் காட்ட எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. அன்றைக்குப் பவுடர்கூடப் போட்டிருக்கவில்லை.

அனுப்பிய பிறகு போனைத் தொடவே பயமாக இருந்தது. மாசம் முடியப்போகிறது. அந்த அதிகாரி ஒரு தடவை விசாரித்தார், இன்னும் வரவில்லை என்றேன். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தால், கடைப் பெயருக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. கடுகத்தனை இருந்தது. விரலால் திரையை அகட்டிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இத்துக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்? இத்துனூண்டு கீது!” என்றார். சொல்லிவிட்டு என் போனை வாங்கிக்கொண்டு போய் அவரோடு வேலை செய்கிற ஒருவர் விடாமல் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினார்.

அந்தப் படிக்கட்டு வீடியோவைப் பேஜிலும் போட்டேன். முதல் தடவையாக என் பேஜில் முகங்கள். கீழே குவிந்த கமெண்ட்டுகளில் பாதிக்கு மேல் ‘எனக்கு எப்ப க்கா அளவு எடுப்பீங்க’ என்பதுதான். டிக் வந்த கையோடு அந்த இன்னொரு பேஜைப் பற்றி நான் புகார் கொடுத்தேன், சில நாளில் அது காணாமல் போனது. எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டபோது பழைய குரல் திரும்பியிருந்தது.

“ஹெட் ஆபீஸ்ல வீடியோவை மீட்டிங்லயே போட்டுப் பாத்தாங்க மேடம். ஆர்டர் உங்களுக்குத்தான். சைஸ் சார்ட் அனுப்பறேன், அது படி தச்சிடுங்க.”

“சார்ட் வேணாங்க. நான் வரேன். ஒவ்வொருத்தருக்கும் நானே அளவு எடுத்துத்தான் தைப்பேன்” என்றேன். சொன்ன பிறகுதான், கிடைத்த ஆர்டரைக் கெடுத்துக்கொள்கிறேனோ என்று பயந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாங்க என்றார்.

அளவெடுக்கிற நாளில் புதுக் கம்பெனியின் கேன்டீனில் மேசைகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணி, திரை கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. எச்.ஆர். அதிகாரியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அளவுகளை லேப்டாப்பில் ஏற்றினார். வெளியே வரிசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் நின்றார்கள். கழுத்தில் டேப்போடு அவர்களுக்கு நடுவில் போய் நின்றபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வார்த்தை தேட மாட்டேன். பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். நான் தைத்த சட்டையைத்தான் இவர்கள் முதல் சட்டையாகப் போடப்போகிறார்கள்.

வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். வயல்காட்டில் வேலை செய்கிற குடும்பமாம், அந்த வீட்டிலிருந்து கம்பெனிக்கு வருகிற முதல் ஆள் இவள்தானாம். டேப்பை இடுப்பில் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிலையாக நின்றுவிட்டாள். கொடுக்கிற துணிக்குள் எப்படியாவது அடங்கிவிட வேண்டும் என்ற பயம் அது. அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

“மூச்ச உடும்மா” என்றேன்.

“இல்லக்கா, பரவால்ல, எடுங்க.”

“ஷிஃப்ட் முழுக்க இப்டியே மூச்சப் புடிச்சிக்கினா நிக்கப்போற? உடு. நீ மூச்சு உடறதுக்கும் சேத்துத்தான் தைக்கப்போறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக மூச்சை விட்டாள். என் விரல்களுக்கு நடுவே டேப் கொஞ்சம் நகர்ந்தது. அந்த அளவைத்தான் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.